மழையில் எங்கே ஒழுகும்?

வீடு வாங்கப் போகிறோம் என்ற செய்தியை என் வீட்டுக்காரர் தன் அக்காவிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சொந்த வீட்டுக்குக் குடிபோவதற்குள் பல மழைக்காலங்கள் வந்து போயின. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக் குடித்தனம் செய்துகொண்டிருந்தோம். அதிலும் முன்னறையில் பாதியைக் கடைச் சரக்கு அடைத்துக்கொள்ளும். அண்டாவுக்கும் குண்டானுக்கும் நடுவில்தான் குழந்தைகளைத் தூங்க வைப்பேன். கடையில் யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்தால் தொட்டிலில் இருக்கிறது வீறிட்டு எழுந்துகொள்ளும். கதவைச் சாத்தினால் கடைச் சத்தம் கேட்காத ஒரு வீடு. நான் கேட்டது அவ்வளவுதான்.

என் நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் வீட்டுக்காரர் போலீஸ் உத்தியோகம். ஆரணி, போளூர், திண்டிவனம் என்று ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் செஞ்சிக்கு வந்து எங்களுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். இத்தனை ஊரில் இத்தனை வீட்டில் குடியிருந்ததால், வீடு என்றால் தனக்குத்தான் தெரியும் என்பது அண்ணியின் எண்ணம். ஊர்க்காரர்களுக்கும் அதே எண்ணம். யார் வீடு வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அண்ணியை ஒருதரம் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அண்ணிக்கு அதில் காலணா வருமானம் கிடையாது. ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கமாட்டார். குடித்துவிட்டால் குறை சொல்ல வாய் வராதாம்.

அவர் வீடு பார்க்கிற விதமே தனி. வாசல் வழியாக நுழையமாட்டார். சுற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கதவு வழியாக வருவார். "வாசப்பக்கம் அலங்காரம் பண்ணி வெச்சிருப்பாங்க. பொறக்கடைய யாரும் அலங்காரம் பண்றதில்ல" என்பார். கொண்டையிலிருந்து ஊசியை உருவி வாசக்காலின் அடிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பார். உள்ளே ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கினால் கரையான். ஒரு செம்பு தண்ணீர் வாங்கி முற்றத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். சுவரில் மூக்கை வைத்து, ஈரம் ஊறி ஓதம் ஏறியிருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். புதுச் சுண்ணாம்பு வாசனை வந்தால் போதும், முகம் கோணிப்போகும். "இன்னாத்த மறைக்க இவ்ளோ வெள்ள அடிச்சிருக்கீங்க?" என்று விற்கிறவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார். எல்லாம் முடிந்து கடைசியில் விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி.

"மழையில எங்க ஒழுகும்?"

அந்தக் கேள்வி செஞ்சி முழுக்கப் பிரசித்தம்.

நாங்கள் முதலில் பார்த்தது கோட்டைக்குப் போகிற வழியில் ஓர் ஓட்டு வீடு. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற வாத்தியார் வீடு. கூடத்து ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை அப்படியே முழுசாகத் தெரியும். நான் அந்த ஜன்னலிலேயே நின்றுவிட்டேன். தொட்டில் எங்கே கட்டுவது, அரிசி டின் எங்கே வைப்பது என்று மனசுக்குள் வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். அண்ணி தன் கேள்வியைக் கேட்டார். வாத்தியார் நேர்மையானவர். "சமையல் ரூம் மூலையில கொஞ்சம் சொட்டும்மா" என்றார். அண்ணிக்கு அது பிடித்துப்போனது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

"நல்ல வூடு மாதிரிதான் தெரியுது. ஒரு மழ வரட்டும், வந்து பாத்துட்டு முடிச்சிக்கலாம்" என்றார் அண்ணி.

அது பங்குனி மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. செஞ்சியில் மலைப்பாறை எல்லாம் காய்ந்து அனல் வீசும். நாங்கள் மழைக்குக் காத்திருந்தோம். வாத்தியாரும் காத்திருந்தார். ஆடி கடைசியில் ஒரு மழை பெய்தது. குடை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். வாத்தியார் மனைவி சமைத்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கு முகம் கடுகடு என்று இருந்தது. யார் வீட்டுச் சமையலறையில் யார் வந்து உட்காருவது? மூலையில் சொட்டியது. வாத்தியார் சொன்ன இடத்திலேயே சொட்டியது.

"சரியா சொன்னாரு" என்று அண்ணி தலையாட்டினார். "ஆனா இது சின்ன மழ. மலத்தண்ணி எறங்கி வர்றப்ப தோட்டத்துல எவ்ளோ நிக்கும்னு பாக்கணுமில்ல? ஐப்பசி வரட்டும்."

ஐப்பசி வருவதற்குள் ஒரு ரைஸ் மில்காரர் ஒரே நாளில் வந்து பார்த்துப் பேசி முடித்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. நான் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அந்த வீடு இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. எத்தனையோ ஐப்பசியைப் பார்த்துவிட்டது. அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் அந்த ஜன்னலை ஒருதரம் பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது.

"பத்திரத்தில வில்லங்கம் பாக்கறதுக்கு ஆபீசு இருக்குது. செவுத்துல வில்லங்கம் பாக்கறதுக்கு எந்த ஆபீசு இருக்குது?" என்று அண்ணி சமாதானம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது எடுபடவில்லை.

அடுத்து வந்தது மல்லாட்டை மண்டிப் பெரியவர் வீடு. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பெரியவர் மண்டியை மூடிவிட்டு, நெய்வேலியில் வேலையாயிருந்த மகனோடு போய் இருந்துவிடலாம் என்று வீட்டை விற்க நினைத்தார். அவருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லை. அண்ணி வழக்கம்போல ஊசியால் குத்தினார், தண்ணீர் ஊற்றினார், மோந்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அந்த அம்மா முடியாத உடம்போடு எழுந்து காப்பி கலந்துகொண்டு வந்து வைத்தார். அண்ணி தொடவில்லை.

"மழையில எங்க ஒழுகும்?"

"ஒழுகவே ஒழுகாதும்மா" என்றார் பெரியவர்.

"எங்கியும்?"

"ஒரு சொட்டு ஒழுகாது."

அண்ணி புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "கெளம்பு" என்றார் என்னிடம். வாசலில் பத்துப் பேர் பார்க்க விடுவிடு என்று நடந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"இன்னா அண்ணி இது? ஒரு கொறையும் இல்லியே!"

"அதான் கொறை. ஒழுகாத ஓட்டு வூட்ட நீ எங்கியாவது பாத்திருக்கியா? இதுல பொய் சொல்றவரு வேற எதுலல்லாம் சொல்லியிருப்பாரு? ஒழுகறது தப்பில்ல, பொண்ணே. ஒழுகல்லன்னு சொல்றதுதான் தப்பு."

அண்ணி ஏன் இப்படி ஆனார் என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன். ஆரணியில் நடந்ததை அவரே ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அங்கே குடியிருந்த வாடகை வீட்டில், அடுப்படியை ஒட்டி ஆட்டுக்கல் போட்டிருந்தார்களாம். ஒரு மழைக்காலத்தில் அண்ணி மாவாட்டிவிட்டு, தவழ்கிற குழந்தையை அங்கேயிருந்து தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்திருக்கிறார். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆட்டுக்கல் இல்லை. அது இருந்த இடத்தில் பள்ளம். உள்ளே தண்ணீர்.

"ஓடிப்போயி வூட்டுக்குச் சொந்தக்காரர கூட்டியாந்தேன். அந்தாளு எட்டிப் பாத்துட்டு இன்னா சொன்னான் தெரியுமா? 'அதுவா, அங்க ஒரு கெணறு இருந்திச்சி, தூத்துட்டோம்'னான். அதுவாங்கறான்! புள்ள போயிருந்தாலும் அதுவான்னுதான் சொல்லியிருப்பான்."

கீரையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஆரணிக் கிணற்றுக்குச் செஞ்சியில் நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்றும் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல்தானே சொல்கிறேன்.

வாங்குகிற வீட்டில்தான் இப்படி என்றால், விற்கிற வீட்டிலும் அண்ணி அப்படித்தான். அதுதான் எங்களால் பொறுக்க முடியாமல் போனது.

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் என் மாமனாருடைய வீடு பூட்டிக் கிடந்தது. அதை விற்றால்தான் செஞ்சியில் வாங்க முடியும். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நயினார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். சமணக் குடும்பம். மகனுக்கு வல்லத்தில் வியாபாரம் வைத்துக்கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு வீட்டைச் சுத்தம் செய்தார். உள்ளறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. அதன் மேல் வெள்ளையடித்து, முன்னால் நெல் மூட்டைகளை அடுக்கினார். நயினாரைச் சாயங்காலமாக வரச்சொன்னதிலும் ஒரு கணக்கு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் அவர்கள் அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தார்.

அண்ணி அன்றைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. "பொறந்த வூட்ட கடைசியா ஒருதரம் பாத்துக்கறேன்" என்று எங்களோடு பஸ் ஏறிவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நயினார் நல்ல மனுஷர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கப் போனேன். அப்போது உள்ளறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அந்த மூட்டைங்கள நவுத்திட்டுப் பாருங்க."

தாம்பாளம் என் கையில் அப்படியே நின்றது.

"அக்கா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் பொறந்த வூடுடா இது. எனக்குத் தெரியாதா? அய்யா, அந்தச் செவுத்துல எங்க ஆயா காலத்துலேருந்து ஓதம் இருக்குது. கூடத்துல மூணாவது கைமரத்துக்கிட்ட ஒழுகும். மத்தபடி உத்திரம் நல்ல தேக்கு. கெணத்துத் தண்ணி தேனாட்டம் இருக்கும்."

நயினார் மூட்டையை நகர்த்தவில்லை. அந்தச் சுவரை ஒருதரம் பார்த்தார். வெயில் சாய்வதைப் பார்த்தார். "யோசிச்சி சொல்லியனுப்பறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் சாதாரணமாகச் சத்தம் போடமாட்டார். அன்றைக்கு வல்லம் தெருவே கேட்கும்படி கத்தினார். "நீ யாருக்கா? எங்க ஆளா, அவரு ஆளா? எவனோ ஒருத்தன் வூட்டுக்குக் கொறை சொன்னே, பொறுத்துக்கிட்டேன். நம்ம வூட்டுக்கே சொல்றியே!"

"அந்த ஆளு புள்ள குட்டியோட வந்து படுத்துக்கப் போறாருடா."

"படுத்துக்கட்டுமே! நாமெல்லாம் படுக்கல? செத்தா பூட்டோம்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி தனியாக முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. நான் மட்டும் போவேன், வருவேன். போகாமலும் இருக்க முடியவில்லை. குழந்தைக்கு ஜுரம் என்றால் கைவைத்தியத்துக்கு அவரிடம்தான் ஓடவேண்டும்.

நயினார் ஒரு மாதம் கழித்துக் கொத்தனார் ஒருவரோடு திரும்பி வந்தார். ஓதத்துக்கும் கைமரத்துக்கும் ஆகிற செலவைக் கழித்துக்கொண்டு வீட்டை வாங்கினார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "அந்தம்மா சொல்லலன்னா நான் திரும்பி வந்திருக்கமாட்டேன். எங்க ஒழுகும்னு தெரிஞ்ச வூட்ட வாங்கறதுல பயம் இல்ல" என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். குறைந்துபோன தொகைதான் அவர் கண்ணில் நின்றது. எனக்கும்தான்.

அண்ணிக்குத் தெரியாமல் ஒரு வீடு பார்த்தோம். சென்னைக்குக் குடிபோகிற ஒருவருடைய ஓட்டு வீடு. கடைத்தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி. போனோம், பார்த்தோம், பிடித்தது. எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மழையில எங்க ஒழுகும்?" என்று கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். விற்கிறவர் சிரித்தார். "இது அந்தப் போலீஸ்காரர் சம்சாரம் கேக்கற கேள்வியாச்சே! ஒழுகாதும்மா. தைரியமா வாங்குங்க."

வாங்கினோம். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள்தான் அண்ணிக்குச் சொன்னோம். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வாசல் வழியாகவே வந்தார். அண்ணாந்து பார்க்கவில்லை, சுவரைத் தொடவில்லை. பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தே சாப்பிட்டார். வந்தவர்கள் எல்லாம் அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"எதுனா சொல்லுங்க அண்ணி."

"நல்லா இருக்குது."

"கொறை எதுனா கண்ணுல பட்டுச்சா?"

"வாங்கறதுக்கு முன்னாடி கேட்டா சொல்லுவேன். வாங்கினதுக்கப்புறம் சொன்னா, வயித்தெரிச்சல்ல சொல்றான்னு ஆயிடும்" என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குறை சொல்கிறாரே என்று அத்தனை வருஷம் எரிந்தேன். இப்போது சொல்லவில்லையே என்று எரிந்தேன். புது வீட்டில் ஒரு மாதம் நான் நிம்மதியாக இல்லை. வாசக்காலில் ஊசி குத்திப் பார்த்தேன். சுவரை மோந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர், "உனக்கும் புடிச்சிக்கிச்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையிலிருந்து தண்ணீர் இறங்கித் தெருவெல்லாம் செம்மண் நிறமாக ஓடியது. நான் கடையிலிருந்து குண்டான்களைக் கொண்டுவந்து தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாளும் பெய்தது. ஒழுகவில்லை. மூன்றாம் நாள் அடித்த மழையில் எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரே சரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். "ஒழுகல அண்ணி!" என்றேன். அண்ணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்டியா, நல்லதாப் போச்சி" என்றார். அடுத்த மழைக்குக் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். அதற்கடுத்த மழைக்கும் வந்தார். வேலை வெட்டியைப் போட்டுவிட்டு, கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார். என் வீட்டுக்காரர் அவரைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

கார்த்திகையில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஒழுகலன்னு கோவமா அண்ணி? ஒழுகினாத்தான் உங்களுக்கு மனசு ஆறுமா?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பயந்துபோன முகம்.

"இந்த வூட்ட வித்தவரு ஒழுகாதுன்னு சொன்னாரில்ல?"

"சொன்னாரு."

"ஒழுகல."

"ஆமா. அதுக்கின்னா இப்ப?"

"அப்ப அந்த மண்டிக்காரரும் நெசத்தத்தான் சொன்னாரோ இன்னாவோ."

அண்ணி எழுந்து குடையை எடுத்தார். தூறிக்கொண்டுதான் இருந்தது. நானும் கூடவே போனேன்.

மல்லாட்டை மண்டிப் பெரியவர் வீட்டில் வாசக்கதவு திறந்தே இருந்தது. அவர் நெய்வேலிக்குப் போகவில்லை. மனைவி தவறிப்போன செய்தி எங்களுக்குத் தெரியும். துக்கத்துக்கு என் வீட்டுக்காரர் போய் வந்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகும் அவர் தனியாக அங்கேயே இருக்கிறார் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கூடத்தில் அங்கங்கே கிண்ணமும் செம்பும் வைத்திருந்தார். டொக் டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் கால்களைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அண்ணி கேட்கவே இல்லை. அவரே சொன்னார்.

"இப்ப ஒழுகுதும்மா. நீங்க கேட்டப்போ ஒழுகல."

அண்ணி நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருஷா வருஷம் சித்திரையில ஆளு வெச்சி ஓடு மாத்திடுவேன். அதனாலதான் ஒழுகல. அப்புறம் விக்கப் போற வூடாச்சேன்னு வுட்டுட்டேன். வாங்க வந்தவங்க எல்லாம், 'போலீஸ்காரர் சம்சாரமே எழுந்து போய்ட்டாங்களாமே, அப்டி இன்னா கொறை?'ன்னு கேட்டுட்டுப் பூட்டாங்க. சில பேரு அதச் சொல்லியே பாதி வெலைக்குக் கேட்டாங்க. அவளுக்கு முடியாமப் போச்சி. அப்புறம் ஓடு மாத்தி இன்னா ஆவப் போவுது?"

"என் மேல கோவம் இல்லியா?" என்றார் அண்ணி.

"இருந்துது. ரொம்ப நாளு இருந்துது." பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "இப்ப யாராவது வந்து உக்காந்தா போதும்னு இருக்குது. உக்காருங்கம்மா."

அண்ணி உட்கார்ந்தார். பெரியவர் ஸ்டவ் பற்றவைத்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அண்ணி குடித்தார்.

அதற்குப் பிறகு அண்ணி ஒரு வேகம் பிடித்தவர்போல ஆனார். அந்த வீட்டை எப்படியாவது விற்றுக்கொடுத்து அவரை மகனிடம் அனுப்பிவிட வேண்டும் என்று கடைத்தெரு முழுக்க அலைந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில்கூட ஆள் பிடித்தார். ஆனால் எப்படி விற்பார்? "நல்ல வூடு. கூடத்துல நாலு எடத்துல ஒழுகுது. அடுப்படில ரெண்டு எடம். மத்தபடி நல்ல வூடு" என்றுதான் ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள். "ஒழுகறத கடைசியா சொல்லுங்களேன் அண்ணி" என்று நான் கெஞ்சினேன். "கடைசில சொன்னா மறைச்சா மாதிரி இல்ல?" என்றார். இந்த மனுஷியை என்ன செய்வது?

அடுத்த சித்திரையில் அண்ணியின் வீட்டுக்காரருக்கு உத்தியோகம் முடிந்தது. கைக்குக் கொஞ்சம் பணம் வந்தது. வேறு யாரும் வாங்காத அந்த வீட்டை அண்ணியே வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. ஊரார் வீட்டையெல்லாம் பார்த்துக் குறை சொன்னவர் தனக்கென்று ஒரு வீடும் வாங்காமல் இருந்தார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர் கேட்ட விலையை அப்படியே கொடுத்தார்கள். ஒழுகுகிற வீடு என்று ஒரு காசு குறைக்கவில்லை. என் வீட்டுக்காரர்கூடக் கோபத்தை விட்டுவிட்டு, அக்கா வாங்குகிற வீட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார்.

ரிஜிஸ்தர் ஆபீசில் கூட்டமாக இருந்தது. பெரியவரின் மகன் நெய்வேலியிலிருந்து வந்து அப்பாவின் பெட்டியோடு ஓரமாக நின்றிருந்தான். பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். பெரியவர் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். வாங்கியவர் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கெணத்துப் பக்கத்துச் செவுத்துல ஒரு வெடிப்பு இருக்குது. அவரக்கொடி ஏறி மறைச்சிருக்குது. நானா மறைக்கல. ஆனா நீங்க பாக்கல. சொல்லாம கையெழுத்துப் போட மனசு வரல."

மகன் அப்பாவைப் பிடித்து இழுத்தான்.

"பாத்துட்டேன்" என்றார் அண்ணி. "போன வாரமே கொடிய வெலக்கிப் பாத்துட்டேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு இருந்தேன்."

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மகன் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும் கையெழுத்துப் போட்டார்.

பெரியவரை நெய்வேலிக்கு வழியனுப்ப எல்லோருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நான் அண்ணியைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன்.

"அவரு சொல்லாம கையெழுத்துப் போட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"எழுந்து வந்திருப்பேன்" என்றார் அண்ணி.

இத்தனைக்கும் பிறகு! பெரியவர் ஏறிய பஸ் கிளம்பிப் போகும்வரைக்கும் நான் அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.